மூத்தது எது?

பெங்களூரில் நாள்தோறும் அலுவலகம் சென்று மீளும் நம்மவருள் பலர், குதிரைமீது வீற்றிருக்கும் பசவேசுவரர் சிலையைக் கண்டிருப்பர். அவரைப் போற்றுவோரின் சமயம் எப்போது தோன்றியது என வினவினால், கன்னட நாட்டில் இரு விடைகள் கிடைக்கும்.

ஐம்பெரும் இலிங்கங்களினின்று ஐந்து ஆசாரியர் தோன்றி வீரசைவத்தைப் பரப்பினர் என்பது ஒரு சாரார் கூற்று. பாலேஹொன்னூர், உஜ்ஜயினி, கேதாரம், ஸ்ரீசைலம், காசி ஆகிய ஐந்து பீடங்கள் இம்மரபைப் பேணி வருகின்றன. இவர்தம் கருத்தில் பசவர், பழஞ்சமயத்தைப் புதுக்கியவரேயன்றித் தோற்றுவித்தவர் அல்லர்.

மற்றொரு சாரார் இதனை ஏலார். 12ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரில், பிஜ்ஜள மன்னனிடம் உயர் பதவி வகித்த பசவரே சமய முதல்வர். அடியார்தம் வசனங்களே மறை என்பர். அந்தணர் குலப் பெண்ணையும் செருப்புத் தைப்போர் குல இளைஞனையும் அடியார்கள் மணவாழ்வில் இணைத்தமையே கல்யாணத்தில் பெருங்கலகம் விளைத்தது என்பது மரபுவழிச் செய்தி.

அலுவலகத்தில் பணிமூப்புப் பட்டியல் பார்த்துப் பழகிய நமக்கு, மூப்பு என்பது வெறும் தேதி அன்று என்பது தெரியும். உரிமை அதனைப் பற்றியே வரும். இங்கும் அஃதே. தோற்றம் தெய்விகமாயின் ஆசாரிய பீடங்களின் தலைமை நிலைபெறும். தொடக்கம் பசவராயின் சமத்துவக் கொள்கையே தலைமை பெறும். 2018இல் லிங்காயதத்தைத் தனிச்சமயமாக ஏற்குமாறு மாநில அரசு பரிந்துரைத்தபோதும் (மத்திய அரசு அதனை ஏற்கவில்லை) இப்பழைய வினாவே மீண்டும் எழுந்தது.

கதைகள் வளரும் விதத்தை அல்லமப் பிரபுவின் வரலாற்றில் காணலாம். ஹரிஹரரின் பாடலில் அவர் கோயிலில் மத்தளம் முழக்குபவர்; காதல் மனைவி காமலதையை இழந்து கலங்கியபின் ஞானம் எய்தியவர். 15ஆம் நூற்றாண்டுச் சாமரசரின் காவியத்திலோ, மாயை மயக்கியும் மயங்காத தெய்வமாகி விடுகிறார். மண்ணில் அழுத மனிதர், இரு நூற்றாண்டுகளில் விண்ணவர் ஆனார்.

இக்காவியம் நமக்கும் அயலதன்று. துறைமங்கலம் சிவப்பிரகாசர் 17ஆம் நூற்றாண்டில் இதனைத் தழுவியே 'பிரபுலிங்க லீலை'யைத் தமிழில் யாத்தார். நம் அறுபத்துமூவரைக் கன்னட அடியார்கள் 'புராதனர்' எனப் போற்றினர். அவர்கள் நாயன்மாரைக் கொண்டனர். நாம் அல்லமரைக் கொண்டோம். கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்று எவரும் கணக்கு எழுதி வைக்கவில்லை.

'இவ்வூருக்கு முதலில் வந்தவர் யார்?' என்னும் வினா, குடிபெயர்ந்து வாழும் நம் செவியிலும் அவ்வப்போது விழுவதுண்டு. நாமும் நமக்கொரு பழங்கதை தேடி விடை பகர முயல்கிறோம். அதனினும் நன்று, பள்ளியில் கன்னடம் பயிலும் நம் பிள்ளைகளை வசனங்களைப் படிக்கச் செய்து, இல்லத்தில் சிவப்பிரகாசரையும் உடன்வைத்துப் பயில்வது. மூப்பினால் வரும் உரிமையைவிட, அறிந்து பழகுதலால் வரும் உறவு நெடுநாள் நிற்கும்.