காதியிடமிருந்து புதுக்கடை வரை

எமது விவாக வழக்குகளின் வரலாற்றை எழுதுவோர் 1806ஆம் ஆண்டின் முகம்மதியச் சட்டக்கோவையில் தொடங்கி, 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தோடு முடித்துக்கொள்வது வழக்கம். காதியின் தீர்ப்புப் பிழைத்தால் எங்கே முறையிடுவது என்பதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

வழமையான பாதை சட்டத்திலேயே உண்டு. காதியிடமிருந்து ஐவரைக் கொண்ட காதிகள் சபைக்கு. அங்கிருந்து, அனுமதி கிடைத்தால், மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு. 44ஆம் பிரிவின்படி, எவரும் கேளாமலே சபை ஒரு காதியின் வழக்கேட்டை வரவழைத்துப் பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் காதியின் முன்னால் சட்டத்தரணிக்கு இடமில்லை. தாபரிப்புக் கேட்டுப் போன பெண் சொன்னது ஏட்டில் ஏறியதா, கணவனின் சாட்சியை அவளால் கேள்வி கேட்க முடிந்ததா என்பதெல்லாம் காதியின் பேனாவைப் பொறுத்தவை. மேலே போகும்போது அவளுக்குத் துணையாக வருவது அந்த ஏடு மட்டுமே.

இந்தப் பாதை அடைபடும் இடத்தில்தான் அசாதாரண நிவாரணம் தொடங்குகிறது. 1889ஆம் ஆண்டின் நீதிமன்றங்கள் கட்டளைச் சட்டம் 42ஆம் பிரிவில் எழுத்தாணை வழங்கும் அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கு அளித்தது. இன்று அது 1978 அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையில் மேன்முறையீட்டு நீதிமன்றத்திடம் இருக்கிறது. அதிகாரமின்றியோ, மறுதரப்பைக் கேளாமலோ தீர்த்த தீர்ப்பை உறுதிகேள் எழுத்தாணை இரத்துச் செய்யும். மீளாய்வும், உரோம டச்சுச் சட்டம் தந்த 'முற்றாக முன்னைய நிலைக்குக் கொணர்தல்' என்பதும் 138ஆம் உறுப்புரையில் உள்ளன. இவற்றில் எதையும் உரிமையென்று கேட்க முடியாது; தருவதும் மறுப்பதும் நீதிமன்றின் தற்றுணிபு. மேன்முறையீடு இருக்க ஏன் செய்யவில்லை, ஏன் இவ்வளவு தாமதம் என்றே முதலில் கேட்பார்கள். அக்கரைப்பற்றிலிருந்து புதுக்கடைக்குப் பஸ்ஸேறி வரும் ஒருத்திக்குத் தாமதம் எப்படி நேர்கிறது என்பதைச் சொல்லவும் ஒரு சட்டத்தரணி வேண்டும், அவருக்குக் கூலி வேண்டும்.

1962இல் உயர் நீதிமன்றம் ஒரு காதி வழக்கில் அளித்த தீர்ப்பு இங்கு நினைவுகூரத் தக்கது. காதிமார் நீதித்துறை அலுவலர்கள். ஆகவே அவர்களை நியமிக்க வேண்டியது நீதிச்சேவை ஆணைக்குழுவே என்று அது கூறியது. 1965இல் சட்டமே திருத்தப்பட்டது. மேல் நீதிமன்றங்களின் பார்வை எதில் கூர்மையானது என்பதை இது காட்டுகிறது: அதிகாரம் யார் கொடுத்தது, அதன் எல்லை எது என்பதில். காதி கைக்கொண்ட சட்டம் நியாயமானதா என்பது எழுத்தாணைக்குள் அடங்காத கேள்வி.

அதை அடிப்படை உரிமை மனுவாக்கவும் வழியில்லை. அரசியலமைப்புக்கு முன்பிருந்த சட்டங்கள், அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாகும் என்கிறது 16ஆம் உறுப்புரை. காதியாக ஆணே வேண்டும் என்ற 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிபந்தனைக்கும் இந்தக் கேடயமே காப்பு.

எனவே கதவைத் திறக்கக்கூடியது பாராளுமன்றம்தான். 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2018 ஜனவரியில் அறிக்கை கையளித்தது. ஒன்பது ஆண்டுகள் கூடியிருந்தும், உறுப்பினர்கள் இரு அணிகளாகப் பிரிந்தே பரிந்துரைகளை முன்வைத்தனர்.