கடைக்காரர் தம்பி நாயுடு

பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்திலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகள் மிகப் பலர். 1860-இல் தொடங்கி 1911 வரை அப்போக்குவரத்து நீடித்தது. நம் கள்ளக்குறிச்சியும் அன்று அம்மாவட்டத்துத் தாலுகாவே. கல்வராயன் மலை ஜாகீர்களில் 1976 வரை ஊதியமின்றி வேலை வாங்கப்பட்ட மலைமக்களை அறிந்த நமக்கு, பிறர் பிடியில் உழைப்பதன் வேதனையை எவரும் விளக்க வேண்டியதில்லை. அக்கடல்கடந்த கூலிகளுக்காகத் தம் வியாபாரத்தையே பணயம் வைத்த ஒருவரை இங்கு நினைவுகூர்கிறோம்.

தம்பி நாயுடு 1875-இல் மொரீசியசில் பிறந்தவர். பெற்றோர் சென்னை மாகாணத்திலிருந்து சென்றவர்கள். இளமையிலேயே தென்னாப்பிரிக்காவில் குடியேறி, ஜோகன்னஸ்பர்க்கில் வணிகம் நடத்தினார். பள்ளிப் படிப்பு ஏறக்குறைய இல்லை. எனினும் ஆங்கிலம், தமிழ், இந்துஸ்தானி, தெலுங்கு ஆகிய மொழிகளில் பேசிச் சமாளித்தார். இதனைக் காந்தியடிகளே வியந்து எழுதியுள்ளார்.

1907-இல் ஆசியர் பதிவுச் சட்டம் வந்தது. பதிவு நிலையங்களின் முன் மறியல் செய்த தொண்டர்களுக்கு அவரே தலைவர். மறு ஆண்டு வணிகர்கள் உரிமமின்றிக் கூடை தூக்கி விற்றுச் சிறை புகுந்தனர். வியாபாரமே போராட்டக் கருவியாயிற்று! நாயுடுவும் பலமுறை சிறை சென்றார். 1908 பிப்ரவரி 10 அன்று காந்தியடிகள் தாக்கப்பட்டபோது குறுக்கே பாய்ந்து தாமும் அடிபட்டார். முன்கோபம் மட்டும் இல்லாதிருந்தால் டிரான்ஸ்வால் இந்தியரின் தலைமையே அவரிடம் வந்திருக்கும் என்பது காந்தியடிகளின் கணிப்பு. இக்குறை நமக்கு அவரை நெருக்கமாக்குகிறது. புனித இராயப்பரும் கோபக்காரர்தாமே.

1913-இல் ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மீதான மூன்று பவுன் வரியை எதிர்த்து, பெண்கள் குழுவுடன் நியூகாசில் சென்று, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு அழைத்தார். லாசரஸ் என்னும் தமிழ்க் கிறிஸ்தவரின் சிறு வீடு அவர்களுக்குச் சத்திரமாயிற்று. காவலர் கண்ணுக்கு அஞ்சாமல் கதவைத் திறந்துவைத்த அக்குடும்பத்தை நம் மக்கள் இன்னும் அதிகமாய் அறிந்திருக்க வேண்டும். பெண்கள் மூன்று மாதச் சிறைத் தண்டனை பெற்றனர். 1914-இல் வரி நீக்கப்பட்டது.

அவ்வாண்டு காந்தியடிகள் நாடு திரும்புகையில், நாயுடுவும் மனைவி வீரம்மாளும் தம் புதல்வர் நால்வரை அவரிடம் ஒப்படைத்தனர். தம் சேமிப்பைக் கடைக்காரர் வேறெங்கே முதலிடுவார்? 1933-இல் நாயுடு மறைந்தார். அவர் பேரன் இந்திரேஷ் 1963-இல் தண்டனை பெற்று, ராபன் தீவில் பத்தாண்டுகள் சிறையிருந்தார்.