தரிசு என்று யார் சொன்னது? காட்டாமணக்கும் சீமைக்கருவேலமும்

கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வருகிறவர்கள் வீடுகளைப் பார்த்து வாய் பிளப்பார்கள். எனக்கு அந்த வீடுகளின் பின்கட்டில் எரிந்த அடுப்பின் மேல்தான் ஆர்வம். கல்யாணம், சாந்தி என்றால் கோட்டை அடுப்பு வெட்டி நாள் கணக்கில் சமைப்பார்கள். அதுக்கு விறகு எங்கிருந்து வந்தது? சமீப காலத்தைப் பொறுத்தவரை பதில் சுலபம்: சீமைக்கருவேலம். இன்றைக்கு எல்லோரும் திட்டுகிற அதே மரம்தான்.

தாவரத்திலிருந்து எரிபொருள் எடுக்கும் ஆராய்ச்சியின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்த மரம் என் நினைவுக்கு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

தாவர எரிபொருள் நமக்குப் புதுசு இல்லை. சர்க்கரை ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து ஈஸ்ட் மூலம் சாராயம் எடுத்து பெட்ரோலில் கலப்பதற்காக 1948-லேயே இந்திய பவர் ஆல்கஹால் சட்டம் வந்துவிட்டது. ஆனால் கரும்புக்குத் தண்ணீர் வேண்டும். கண்மாயையும் வானத்தையும் நம்பி இருக்கிற நம்ம பக்கத்துக்கு அது பெரிசா பொருந்தாது.

வறண்ட நிலத்துக்கான கனவு 2003-ல் வந்தது. அந்த ஏப்ரலில் வெளிவந்த திட்டக் குழு அறிக்கை, காட்டாமணக்கு நடுவதற்கு நாடு முழுக்க சுமார் 1.34 கோடி ஹெக்டேர் கிடைக்கும் என்று கணக்குப் போட்டது. 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்பது இலக்கு. அதற்குச் சில மாதம் முன்பு, 2002 டிசம்பர் 31 அன்று, டெல்லி - அமிர்தசரஸ் சதாப்தி ரயிலை 5 சதவீத பயோடீசல் கலவையில் ஓட்டிக் காட்டியிருந்தார்கள். தமிழ்நாடும் ஆர்வமாக இறங்கியது.

இதன் வேதியியல் ஒன்றும் கஷ்டம் இல்லை. விதையை ஆட்டி எண்ணெய் எடுத்து, மெத்தனாலையும் கொஞ்சம் காஸ்டிக் சோடாவையும் சேர்த்துச் சூடாக்கினால் பயோடீசல் ஒரு பக்கம், கிளிசரின் ஒரு பக்கம் பிரிந்துவிடும். சிக்கல் செடியில் இருந்தது. காட்டாமணக்கை நம் ஊரில் வேலிக்குத்தான் வைப்பார்கள், ஆடு மாடு கடிக்காது என்பதால். விஷச் செடி, புண்ணாக்கைக் கூட அப்படியே மாட்டுக்கு வைக்க முடியாது. நெல்லையோ கடலையையோ போல தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்த பயிரும் அல்ல. காய் ஒரே சமயத்தில் பழுக்காது, அதனால் திரும்பத் திரும்ப ஆள் விட்டுப் பறிக்கணும். தண்ணீர் இல்லாவிட்டால் செடி சாகாது, உண்மைதான். ஆனால் சாகாமல் இருப்பது வேறு, காய்ப்பது வேறு.

கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஆய்வு செய்த பெரே அரிசா-மொண்டோபியோவும் சரச்சந்திர லேலேயும் 2010-ல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் சொல்கிறது. எதிர்பார்த்ததைவிட விளைச்சல் மிகக் குறைவு. தாக்குப் பிடித்தவர்கள் வசதி உள்ள விவசாயிகள், அடி வாங்கியவர்கள் சிறு விவசாயிகள்.

இந்த இடத்தில் எங்க ஊர்க்காரர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துத்தான் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அங்கே முதலில் ஆய்வகம், பிறகு பலன். காட்டாமணக்கில் வரிசை மாறிப்போச்சு. நம்பகமான ரகம் கைக்கு வருவதற்கு முன்பே நட்டுவிட்டார்கள்.

ஆனால் செடியைவிடப் பெரிய தவறு நிலக் கணக்கில் இருந்தது. காட்டாமணக்குக்கு ஒதுக்கிய நிலம் எல்லாம் 'தரிசு'. கிராமக் கணக்கைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு என்று வகை இருக்கும். இவை வரி வசூலுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் வேர்விட்ட பிரிவுகள். அந்த நிலத்தில் ஆடு மேயுதா, யார் விறகு வெட்டுகிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

ஜெனிஃபர் பாகா என்ற ஆய்வாளர் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் பக்கம் தங்கி அதைத்தான் பார்த்தார். தரிசு என்று எழுதிய நிலத்தில் சீமைக்கருவேலம் நின்றது. அதை வெட்டி விறகாக விற்றார்கள். மூட்டம் போட்டுக் கரி எடுத்தார்கள். செங்கல் சூளைக்கும் மின் நிலையத்துக்கும் லாரியில் ஏற்றினார்கள். ராபர்ட் பெய்லிஸுடன் சேர்ந்து 2014-ல் அவர் வெளியிட்ட கணக்குப்படி, அதே நிலத்தில் காட்டாமணக்கு பயோடீசல் தருவதைவிட கருவேலம் தரும் பயனுள்ள ஆற்றல் பல மடங்கு அதிகம். அதாவது, எரிபொருள் விளையாத நிலத்தில் எரிபொருள் விளைவிக்கப் போகிறோம் என்று சொல்லி, ஏற்கெனவே விளைந்துகொண்டிருந்த எரிபொருளை அழிக்கப் பார்த்தோம்.

கருவேலத்துக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். கண்மாய்க்குள்ளும் வரத்துக் காலிலும் அது அடைத்துக்கொண்டு நிற்பதை நானும் பார்க்கிறேன். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னதற்குப் பின்னால் நியாயமான கவலை இருந்தது. ஆனால் அகற்றும்போது, மூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பத்தின் வருமானத்துக்கு என்ன மாற்று என்று யாராவது கேட்கணும் இல்லையா?

இப்போது பேச்சு நுண்ணுயிர்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் பருத்தித் துணிகளை ஒரு பூஞ்சை அரித்துத் தின்றது. டிரைக்கோடெர்மா ரீசி என்று பிறகு பெயர் பெற்ற அது சுரக்கும் நொதிகள், செடியின் செல்லுலோஸை உடைத்துச் சர்க்கரை ஆக்கும். அதை ஈஸ்ட் சாராயம் ஆக்கும். வைக்கோலில் செல்லுலோஸ் மட்டும் இல்லாமல் லிக்னின் என்ற கெட்டிப் பொருளும், சாதாரண ஈஸ்ட் தொடாத சைலோஸ் சர்க்கரையும் இருப்பதால்தான் ஆராய்ச்சி இவ்வளவு வருஷம் இழுக்கிறது. 2022 ஆகஸ்டில் ஹரியானாவின் பானிபட்டில் இந்தியன் ஆயில் திறந்த ஆலை, வருஷத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பதற்காகக் கட்டியது.

பானிபட் பக்கம் வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்கள். அங்கே இது நல்ல யோசனை. சிவகங்கைச் சீமையில் வைக்கோல் போர் என்பது கோடையில் மாட்டுக்குச் சோறு. இரண்டையும் அரசாங்கத் தாளில் 'விவசாயக் கழிவு' என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடலாம். பூஞ்சைக்கு இரண்டும் ஒன்றுதான். மாடு வைத்திருப்பவருக்கு அப்படி இல்லை. நம்ம பக்கம் அடுத்த திட்டம் வரும்போது, எத்தனை டன் கிடைக்கும் என்று எழுதுவதற்கு முன்னால், இப்போது அதை யார் எதுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று ஊருக்குள் வந்து ஒரு கணக்கெடுத்துவிட்டுப் போகட்டும்.