பாட்டி கேட்ட கேள்வி

பாட்டி பால்மரம் வெட்டியவர். அடுப்புக்கரியில் பல் விளக்கி வளர்ந்தவர். என் வீட்டுக் குளியலறையில் இருந்த மவுத்வாஷ் போத்தலைப் பார்த்துவிட்டு, "இதுல கொப்புளிச்சா பல்லு விளக்க வேணாமாய்யா?" என்றார்.

வேணும் பாட்டி. அதற்கான விடை 1683லேயே கிடைத்துவிட்டது. டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லீவன்ஹூக் தன் பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்தார். சின்னஞ்சிறு உயிர்கள் நெளிந்தன. திராட்சை வினிகரால் வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி பார்த்தார். அழுக்கின் மேற்புறத்தில் இருந்தவை மட்டுமே செத்திருந்தன. வினிகர் உள்ளே இறங்கவில்லை.

அந்த அழுக்கைத்தான் இன்று பற்படலம் என்கிறோம். ஈறு நோய்க்கு அதுவே காரணம் என்பதை 1965ல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ குழுவினர் காட்டினர். நல்ல ஈறுள்ள 12 பேர் பல் விளக்குவதை நிறுத்தினார்கள். மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு அழற்சி. திரும்ப விளக்கத் தொடங்கியதும் ஒரு வாரம்போல் ஆனதில் ஆறிவிட்டது.

1970ல் லோவும் ஷியோட்டும் அடுத்த படிக்குப் போனார்கள். சுத்தமான பற்களோடு தொடங்கி, நாளுக்கு இருமுறை 0.2 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் கொப்பளித்தவர்களுக்கு, பல் விளக்காமலேயே படலம் சேரவில்லை. அந்த மருந்து பல்லில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் வேலை செய்கிறது. பழுப்புக் கறையும் நாக்கில் சுவை மாற்றமும் அதற்குக் கொடுக்கும் விலை. ஏற்கெனவே தடித்துவிட்ட படலத்திடம் மட்டும் அதற்கும் வினிகரின் கதிதான்.

அதே 1970ல் லோ குழு இலங்கையிலும் ஓர் ஆய்வைத் தொடங்கியது. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண்கள். பிரஷ் பிடிக்காதவர்கள், பல் மருத்துவரைப் பார்க்காதவர்கள். சிகிச்சையே தொடாத ஈறு நோய் எப்படி வளர்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். 15 ஆண்டுகள் அளந்தார்கள். சுமார் 8 விழுக்காட்டினருக்கு நோய் வேகமாகப் பரவியது. 81 விழுக்காட்டினருக்கு மிதமாக. 11 விழுக்காட்டினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டவில்லை. ஒரே அழுக்கு எல்லாரையும் ஒரே மாதிரி அழிப்பதில்லை என்பதை உலகம் அவர்கள் வாயிலிருந்துதான் கற்றுக்கொண்டது.

ஆர்ஹஸில் மூன்று வாரத்தில் பிரஷ் கைக்குத் திரும்பியது. ஈறும் திரும்பியது. பல்லைத் தாங்கும் எலும்பு ஒருமுறை கரைந்தால் தானாக வளராது.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "பதினஞ்சு வருசம் வாயத் தொறந்து பாத்தாங்களே, ஆளுக்கு ஒரு பிரஷ்ஷு வாங்கிக் குடுக்கணும்னு தோணலையாய்யா?"