மூன்று படை, ஒரு தலைமை: இந்தியப் படைக் கட்டமைப்பில் தொடரும் அச்சம்

சென்னைக் கடற்கரை யார் பொறுப்பு என்று கேட்டால் மூன்று வெளியூர்களைச் சொல்ல வேண்டியிருக்கும். சென்னையிலுள்ள தட்சிண பாரதப் பகுதித் தலைமையகம், புனேயில் இருக்கும் தரைப்படையின் தெற்குக் கட்டளையகத்துக்குக் கட்டுப்பட்டது. அதே சென்னையிலுள்ள தமிழ்நாடு-புதுச்சேரி கடற்படைப் பகுதிக்கு உத்தரவு விசாகப்பட்டினத்திலிருந்து வரும். தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் சேர்க்கப்பட்ட, பிரம்மோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய்-30 விமானங்களின் படையணியோ திருவனந்தபுரத்தின் கீழ். நாடு முழுக்க இப்படித் தனிப்படைக் கட்டளையகங்கள் 17: தரைப்படைக்கு 7, விமானப்படைக்கு 7, கடற்படைக்கு 3. இவற்றுக்கு மேலே ஒற்றைத் தலைமை நெடுங்காலம் இல்லாமல் போனதற்கு நிர்வாக அலட்சியத்தைக் காரணம் காட்டுவது வழக்கம். அதைவிட, அப்படி ஒருவர் இருந்துவிடக் கூடாது என்ற அச்சமே வலுவான காரணம் எனத் தோன்றுகிறது.

அந்த அச்சம் சுதந்திரத்துக்கு முந்தையது. வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணப் படைகள் 1895 ஏப்ரல் 1 அன்று ஒரே படையாயின. பத்தே ஆண்டில் தகராறு முற்றியது. வைஸ்ராயின் அவையில் இராணுவ உறுப்பினர் என்றொருவர் இருந்தார். பதவியில் தமக்குக் கீழான அவர் தம் கோப்புகளில் கருத்தெழுதி அனுப்புவதைத் தலைமைத் தளபதி கிச்சனரால் சகிக்க முடியவில்லை. அந்த இடத்தை ஒழித்தால் தளபதியைக் கேள்வி கேட்க ஆளே இராது என்றார் வைஸ்ராய் கர்சன். லண்டன் கிச்சனர் பக்கம் சாய, 1905 ஆகஸ்டில் கர்சன் பதவி விலகினார். வங்கப் பிரிவினைக்காகவே நாம் நினைவில் வைத்திருக்கும் கர்சன், இந்த ஒரு வழக்கில் சொன்னது சரிதான். பின்னாளில் கடற்படையும் விமானப்படையும்கூடத் தலைமைத் தளபதியின் குடைக்கீழ் வந்தன.

1947இல் அந்தக் குடை மடக்கப்பட்டது. படைக்கொரு தளபதி என மூவர் வந்தனர். டெல்லியில் தலைமைத் தளபதிக்காகக் கட்டப்பட்ட மாளிகையில் 1948 முதல் பிரதமர் நேரு குடியிருந்தார். தீன்மூர்த்தி பவன் என்று நாம் அறிவது அதுவே. 1949 ஜனவரி 15 அன்று தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்ற கரியப்பாவின் அதிகாரம் தரைப்படையோடு நின்றது. 1955இல் ஒரு சட்டம் ‘தலைமைத் தளபதி’ என்ற பெயரையே நீக்கி, மூவரையும் அவரவர் படையின் தலைமை அதிகாரிகளாக்கியது. படைகளின் உச்சத் தலைமை அரசியல் சாசனத்தின் 53ஆம் பிரிவுப்படி ஏற்கெனவே குடியரசுத் தலைவரிடம் இருந்தது. பாகிஸ்தானில் 1958இல் அயூப் கான் ஆட்சியைப் பிடித்தபோது டெல்லியின் முன்யோசனை வீணல்ல என்று பலருக்கும் பட்டிருக்கும்.

அதற்குக் கொடுத்த விலை கார்கில் போருக்குப் பிறகே வெளிப்படையாகப் பேசப்பட்டது. திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையிலான குழு பாதுகாப்பு அமைப்பையே மறுபரிசீலனை செய்யச் சொன்னது. 2001இல் அமைச்சர்கள் குழு முப்படைத் தலைமைத் தளபதிப் பதவியைப் பரிந்துரைத்தது. அவ்வாண்டே அந்தமானில் முப்படைக்கும் பொதுவான முதல் கட்டளையகம் பிறந்தது. பதவிக்கு மட்டும் மேலும் 18 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2020 ஜனவரி 1 அன்று பிபின் ராவத் பொறுப்பேற்றார். நான்கு நட்சத்திர அதிகாரி, அரசுத் துறை ஒன்றின் செயலர், படைத் தலைவர்கள் குழுவின் நிரந்தரத் தலைவர் என மூன்று பொறுப்புகள். ஆனால் எந்தப் படைக்கும் அவர் கட்டளையிட முடியாது என்று அரசு தெளிவாகவே சொல்லிவிட்டது. கர்சன் கேட்டிருந்தால் புன்னகைத்திருப்பார்.

கட்டமைப்பு உண்மையில் அசைந்தது சிறியதொரு இடத்தில். அந்தமான் கட்டளையகத்துக்கு ஒரு கடற்படை அதிகாரி தலைவராக இருக்கும்போது அங்குள்ள விமானப்படை வீரர் ஒருவர் தவறிழைத்தால், ஒழுங்கு நடவடிக்கைக்கு அவரைத் தாய்ப் படைக்கே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. 2023இல் நிறைவேறி 2024 மே மாதம் அமலுக்கு வந்த கூட்டுப்படை அமைப்புகள் சட்டம், அந்த நடவடிக்கையை அங்கேயே எடுக்கும் உரிமையைத் தலைவருக்குக் கொடுத்தது.