சிங்கப்பூரில் மிஷனரி வாழ்வு

சமயப் பணிக்கென வெளிநாட்டிலிருந்து வந்து சிங்கப்பூரில் தங்கியவர்களின் அன்றாட வாழ்வும், இங்குள்ள மக்களோடு அவர்கள் பழகிய முறையும் பற்றிய கட்டுரை இது. லண்டன் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் மில்டன் 1819இல் வந்து இறங்கியதிலிருந்து இந்த வரலாறு தொடங்குகிறது. இதை எழுதுவோர் எந்தப் பள்ளி எந்த ஆண்டில் திறக்கப்பட்டது, எந்தத் தேவாலயத்துக்கு யார் அடிக்கல் நாட்டினார் என்ற கணக்கோடு நின்றுவிடுவது வழக்கம். அந்தக் கணக்கை மட்டும் படித்தால் வந்தவர் கொடுத்தார், இருந்தவர் வாங்கிக்கொண்டார் என்றே தோன்றும். நடந்தது அப்படியல்ல. சிங்கப்பூருக்கு வந்த மிஷனரி முதலில் மாணவராகத்தான் உட்கார வேண்டியிருந்தது. சந்தையிலும் அடுக்களையிலும் வாசற்படியிலும் புழங்கிய மொழியைக் கற்றவருடைய பணியே மக்களின் வீடுகளுக்குள் வேர்விட்டது.

அந்த மாணவர்களுக்கு வாய்த்த ஆசிரியர்களுள் தலையானவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்த இவருடைய முன்னோரில் அரபியரும் தமிழரும் உண்டு. சிறுவயதில் இவருக்குத் தமிழும் கற்பிக்கப்பட்டது. மலாக்கா வணிகர்களின் கணக்குவழக்கு அப்போது தமிழில் நடந்தது. மலாக்காவில் மில்ன், சிங்கப்பூரில் தாம்சன், அமெரிக்கரான ஆல்ஃபிரட் நார்த் என்று பல மிஷனரிகள் இவரிடம் மலாய் படித்தார்கள். நற்செய்தி நூல்களை மலாயில் திருத்தியபோது தாம்சனோடு இவருக்கு ஏற்பட்ட பிணக்கு முக்கியமானது. வாக்கியம் மலாய்க்காரர் காதில் எப்படி விழும் என்று அப்துல்லா கேட்டார். தாம்சன் தமது பிடியை விடவில்லை. அந்த மனத்தாங்கலை அப்துல்லா தம் வாழ்க்கை வரலாறான 'ஹிக்காயத் அப்துல்லா'வில் எழுதி வைத்திருக்கிறார். அதை எழுதும்படி தூண்டியவர் நார்த். அச்சேற்றியவர் ஹைதராபாத்தில் பிறந்த பெஞ்சமின் கீஸ்பெரி என்னும் மிஷனரி. 1849இல் அந்நூல் கல்லச்சில் வெளிவந்தது. மலாயை எழுதப் பயன்பட்ட ஜாவி எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிச் செல்பவை. ஈய எழுத்துகளைக் கோத்தால் அந்த ஓட்டம் அறுந்துபோகும். எழுத்தர் கைப்பட எழுதியதை அப்படியே கல்லில் இறக்கித் தாளில் ஒற்றினால், வாசகர் பழகிய ஏட்டின் தோற்றம் கெடாது. அச்சுக்கூடம் வைத்திருந்தவர் வாசகரின் கண்ணுக்கு இணங்கினார் என்பதற்கு அந்தப் பக்கங்களே சாட்சி.

சீனத் துறைமுகங்கள் அந்நியருக்குத் திறக்கப்பட்ட பிறகு லண்டன் சங்கம் 1847இல் தன் ஆட்களைச் சீனாவுக்கு அனுப்பியது. கீஸ்பெரி போகவில்லை. சங்கத்தை விட்டு விலகி, அச்சகத்தின் வருவாயைக் கொண்டும் பள்ளி நடத்தியும் 1875இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். பின்னாளில் ஜொகூர் சுல்தானான அபு பக்கர் அவருடைய மாணவர். பிரின்செப் ஸ்திரீட்டில் அவர் கட்டிய மலாய்த் தேவாலயத்தை மக்கள் கீஸ்பெரியின் பெயராலேயே அழைத்தார்கள். மலாய்க்காரர் பெருமளவில் மதம் மாறவில்லை. அந்த வகையில் அவர் பணியைத் தோல்வி என்பாரும் உண்டு. மதம் மாறியோர் தொகையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் அது சரிதான். ஆனால் மலாய் அச்சுத்தொழிலின் வரலாற்றை அவரைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது.

மொழி கற்றதெல்லாம் மதம் மாற்றுவதற்கான தந்திரம்தானே என்பது இங்கு எழும் வலுவான மறுப்பு. நோக்கம் அதுவே என்பதை மிஷனரிகளும் மறைக்கவில்லை. என்றாலும் நோக்கத்தை வைத்து மட்டும் விளைவை அளந்துவிட முடியாது. அப்துல்லா இத்தனை பாதிரிமார்களுக்குப் பாடம் சொல்லியும், 'அப்துல்லா பாதிரி' என்று ஊரார் ஏளனம் செய்தும், கடைசிவரை முஸ்லிமாகவே வாழ்ந்தார். மாறியது பெரும்பாலும் கற்க வந்தவர்தான். வில்லியம் ஷெல்லபேர் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியாக வந்தவர். தம் கீழிருந்த மலாய்ச் சிப்பாய்களோடு பழகி மொழியைப் பிடித்துக்கொண்டவர். மெதடிஸ்ட் மிஷனில் சேர்ந்தபின் விவிலியத்தை இலக்கிய மலாயில் தந்ததோடு அவர் நிற்கவில்லை. இங்கேயே வேரூன்றிவிட்ட பெரனாக்கான் சீனர் வீடுகளில் பேசப்பட்ட பாபா மலாயிலும் புதிய ஏற்பாட்டை 1913இல் வெளியிட்டார். கொச்சை என்று பண்டிதர்கள் ஒதுக்கிய பேச்சு அது. அதற்கு வேதப் புத்தகத்தின் மரியாதையைக் கொடுக்க மனம் வர வேண்டுமானால், அந்தப் பேச்சு புழங்கும் வீட்டுத் திண்ணையில் பல நாள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்படி உட்கார்ந்தவர் சோஃபியா பிளாக்மோர். ஆஸ்திரேலியாவிலிருந்து 1887இல் வந்த இந்த மெதடிஸ்ட் பெண்மணி, தமிழ் வணிகர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் அதே ஆண்டு ஆகஸ்டில் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது சிறுமிகளோடு பள்ளி தொடங்கினார். அதன் பெயரே தமிழ்ப் பெண்கள் பள்ளி. லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரம்தான். பெரனாக்கான் பெண்பிள்ளைகளோ வயது வந்ததும் வாசல் தாண்டாமல் வளர்ந்தார்கள். அதனால் அவர் வீடுவீடாகப் படியேறினார். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று தாய்மார் கேட்ட கேள்விக்கு அவர்கள் மொழியிலேயே பதில் சொல்ல மலாய் கற்றார். 1888இல் குரோஸ் ஸ்திரீட்டில் ஒரு பெரனாக்கான் வீட்டிலேயே வகுப்பு தொடங்கியது. இன்றைய ஃபேர்ஃபீல்டு பள்ளியின் வேர் அது. 1894இல் அவருடைய முயற்சியால் மிடில் ரோடு பகுதியில் மலாய் மொழி வழிபாடாகத் தொடங்கிய சபை, பிறகு கம்போங் கப்போருக்கு வந்து சேர்ந்தது. கப்போர் என்றால் மலாயில் சுண்ணாம்பு. அந்த வட்டாரத்தைப் பழைய தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்றார்கள்.

மிஷன் பள்ளிகள் ஆங்கிலத்தைப் பரப்பித் தாய்மொழியை ஓரங்கட்டின என்ற குற்றச்சாட்டு இதைவிடக் கனமானது. இதை மறுக்க நான் முயலவில்லை. தமிழ்ப் பெண்கள் பள்ளி மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக வளர்ந்தபோது பெயரிலிருந்து தமிழ் உதிர்ந்தது. பாடமும் ஆங்கிலத்துக்கு மாறியது. அந்த இழப்பு நம்முடையது, அது உறுத்தத்தான் வேண்டும். ஆனால் ஆங்கிலத்தை விரும்பிக் கேட்டவர்களில் உள்ளூர்ப் பெற்றோரும் இருந்தார்கள். பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்டாம் 1886இல் அமோய் ஸ்திரீட்டில் 13 மாணவர்களோடு தொடங்கிய ஆங்கிலோ-சீனப் பள்ளிக்குத் துணை நின்றவர்கள் சீன வணிகர்கள்தாம். துறைமுக ஊரில் எழுத்தர் வேலை ஆங்கிலத்தில் இருந்தது. பழியைப் பங்கிடும்போது அந்த வேலைச் சந்தைக்கும் ஒரு பங்கு உண்டு. வகுப்பறையில் விட்டுப்போன தமிழ் வழிபாட்டில் தங்கியது. குயீன் ஸ்திரீட்டில் 1870இல் எழுந்த பேதுரு பவுல் தேவாலயத்தில் சீனரோடு இடத்தைப் பகிர்ந்துகொண்ட தமிழ்க் கத்தோலிக்கருக்கு, 1888இல் ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா கோயில் கிடைத்தது. ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் சபை இன்றும் இருக்கிறது.

மிஷனரி என்ற சொல்லைக் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதாக்கினால் லிட்டில் இந்தியாவின் வரலாறு பாதியாகிவிடும். 1928இல் ராமகிருஷ்ண இயக்கத்தின் பேலூர் மடம் சுவாமி ஆத்யானந்தரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. அவரும் கடல் கடந்து வந்தவர்தான். வங்காளத்தில் தலைமையிடம் கொண்ட ஓர் இயக்கத்துக்காகத் தமிழர் நடுவே வேலை செய்ய வந்தவர். நோரிஸ் ரோட்டில் ஆண்பிள்ளைகளுக்கு விவேகானந்தர் பெயரிலும் பெண்பிள்ளைகளுக்குச் சாரதாமணி தேவியார் பெயரிலும் ராமகிருஷ்ண மிஷன் தமிழ்ப் பள்ளிகளை நடத்தியது. ஜப்பானியர் காலத்தில், 1943இல், ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லம் பார்ட்லி ரோட்டில் தொடங்கியது. கிறிஸ்தவ மிஷனரிகளுக்கு நேர்ந்ததே இவர்களுக்கும் நேர்ந்தது. பெற்றோரின் நாட்டம் ஆங்கிலத்தின் பக்கம் திரும்பத் திரும்ப நோரிஸ் ரோட்டின் தமிழ் வகுப்புகள் காலியாயின. உச்சியில் குவிமாடம் வைத்துக் கட்டிய அந்தப் பழைய கட்டடம், சிராங்கூன் சாலையிலிருந்து சற்றுத் தள்ளி, கடைவரிசைக்கு நடுவே இப்போதும் நிற்கிறது. குவிமாடத்தைப் பார்க்கக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டும்.