மலாக்காச் செட்டிமக்களும் முன்னோர் படையலும்

தமிழ் பேசாதவரைத் தமிழ் மரபினர் எனலாமோ? மலாக்கா நகரின் காஜா பெராங் பகுதியிலுள்ள கம்போங் செட்டிக்குச் சென்றுவருவோர் இவ்வினாவுக்கு எளிதில் விடை கூறார். அங்கு வாழ்வோரின் வீட்டுமொழி தமிழ்ச் சொற்கள் கலந்த மலாய். மகளிரின் மரபுடை சாரோங்கும் கெபாயாவும். எனினும் அவர்கள் வணங்குவது மாரியம்மனை, கொண்டாடுவது பொங்கலை.

இவர்கள் பிற்காலத்தில் வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் அல்லர். மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொணர்ந்து விற்ற வணிகரின் வழியினர். அக்காலத்தில் துறைமுகத்தை மேற்பார்த்த நான்கு ஷாபந்தர்களுள் ஒருவர், தென்னிந்தியர், வங்காளத்தார், பெகு நாட்டார், பாசை நாட்டார் ஆகியோரின் வாணிகத்தைக் கவனித்தார். பருவக்காற்றுத் திரும்பும்வரை தங்க நேர்ந்த வணிகருட் பலர் உள்ளூர் மகளிரை மணந்து நிலைத்தனர். 1511இல் போர்த்துக்கீசியர் நகரைக் கைப்பற்றியபின், அவர்கள் ஏடுகளில் நீனா சத்து எனப்படும் செட்டி ஒருவர் பண்டாரா பதவியும் பெற்றார். 1641இல் டச்சுக்காரர் ஆட்சி வந்தது. நாளடைவில் செட்டிமக்களின் கடல்வாணிகம் தளர்ந்தது. அவர்கள் உழவுக்கும் பிற தொழில்களுக்கும் திரும்பினர்.

செல்வம் குன்றியும் வழிபாடு குன்றவில்லை. டச்சு அரசு செட்டிமக்களின் தலைவர் தெய்வநாயகம் செட்டிக்கு வழங்கிய நிலத்தில், 1781இல் பொய்யாத விநாயகர் கோயில் எழுந்தது. காஜா பெராங் முத்துமாரியம்மன் கோயில் 1822இல் தோன்றியது.

கோயிலினும் ஆழமாக மரபு வேரூன்றிய இடம் இல்லமே. ஆண்டுக்கு இருமுறை, மறைந்த முன்னோர்க்கு இவர்கள் 'பார்ச்சு' என்னும் படையல் இடுகின்றனர். ஒன்று பொங்கலுக்கு முந்திய போகி நாளில். மற்றொன்று ஆண்டின் நடுவில், டுரியானும் ரம்புத்தானும் பழுக்கும் பருவத்தில். வாழையிலையில் நாசி லெமாக்கும் சம்பலும் இடம்பெறும். உணவு மலாய் நாட்டது. இலையும் போகி நாளும் முன்னோரை நினைந்து படைக்கும் கருத்தும் தமிழ் மரபின. அடுப்படியில் ஆண்டுதோறும் செய்யப்பெற்ற செயல், பேச்சுமொழி மாறிய பின்னும் பிழைத்தது.

தோட்டத் தமிழரின் கதை வேறு. 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர்ப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் அமைத்தார். ரப்பர் பரவப் பரவத் தமிழகத்துத் தொழிலாளர் பெருகினர். கங்காணிகள் தம் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்தமையால், லயங்களில் ஊர்ப்பேச்சும் உடன் குடியேறியது. அங்கே கோயிலோடு தமிழ்ப் பள்ளியும் எழுந்தது. செட்டிமக்களின் முன்னோர்க்கோ அத்தகைய பெருங்கூட்டமும் இல்லை, பள்ளியும் இல்லை.

ஆதலின் ஓர் உண்மை பெறப்படும். மரபைக் காக்க ஓர் இல்லம் போதும்; மொழியைக் காக்க ஒரு சமூகமும் பள்ளியும் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களில் சிதறி வாழும் இந்நாளில், லயம் அளித்த துணை பலர்க்கு இல்லை, எஞ்சியிருப்பது பள்ளியே. செட்டிமக்களைத் தமிழ் இழந்தவர் என ஒதுக்குதல் முறையன்று. மொழியின்றியும் ஐந்நூறாண்டு படையலை மறவாதவர் அவர். அவரை உறவினராய்ப் போற்றுவோம்; அவர்க்குக் கிட்டாத பள்ளி நம் பிள்ளைகட்கு உண்டு என்பதையும் மறவாதிருப்போம்.